கதண்டு கொட்டினால் அவில் மட்டும் போதாது

கதண்டு (ஒருவகைக் குளவி) கொட்டியவருக்கு அவில் என்ற ஒவ்வாமை மருந்தை ஊசியாகப் போட்டால் போதும் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள். அவில் அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். கடும் ஒவ்வாமையில் சரியும் ரத்த அழுத்தத்தையோ அடைக்கும் தொண்டையையோ அது காப்பாற்றாது. உடம்பெங்கும் தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்மல், தலைசுற்றல் சேர்ந்தால் அட்ரினலின்தான் முதல் மருந்து. தடிப்பே இல்லாமல் மயங்கி விழுபவர்களும் உண்டு, அதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரியவர்களுக்கு, 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து (சிறு மருந்துக் குப்பி) 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். தோலுக்கடியில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நடக்க விடாதீர்கள், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்து உயிரே போகலாம். கொட்டிய பூச்சியின் விஷத்துக்கு ஒவ்வாமை உண்டா என்று பார்க்கும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனைக்கு 4 முதல் 6 வாரம் பொறுங்கள். உடனே எடுத்தால் ஒவ்வாமை இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.