54 என்றால் எல்லா கம்பெனியிலும் ஒரே அளவா?

"இப்போது ஓட்டுவது 54 சைஸ் சைக்கிள் என்றால், எந்த பிராண்டிலும் 54 ஃபிரேமையே வாங்கலாம்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஆர்டர் போடப் போவதாக இரண்டு பேர் பதில் எழுதியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

அந்த எண் ஒரு காலத்தில் சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் நீளம், சென்டிமீட்டரில். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் மேல் டியூப் தரைக்குக் கிடையாக இருந்தவரை அதற்கு அர்த்தம் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் ஜெயன்ட் கம்பெனியின் டிசிஆர் போன்ற, மேல் டியூப் சரிந்த ஃபிரேம்கள் வந்த பிறகு அது வெறும் பெயராகிவிட்டது.

ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் டார்மாக் எஸ்எல்7 மாடலில் 54-க்கு ஸ்டாக் (பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து, ஹேண்டில்பார் பொருந்தும் ஹெட் டியூபின் மேல்விளிம்பு வரை உள்ள உயரம்) 544 மி.மீ., ரீச் (அதே இரண்டுக்கும் இடையே உள்ள கிடைத் தூரம்) 384. ட்ரெக் டொமேனில் அதே 54-க்கு 575, 374. ஹேண்டில்பார் உட்காரும் இடம் 3 செ.மீ. உயர்ந்து, 1 செ.மீ. கிட்டே வருகிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டும்போது கழுத்துக்கும் முதுகுக்கும் இது நன்றாகவே தெரியும்.

நீங்களே சரிபார்க்கலாம். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்தி, பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வையுங்கள். பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையம், ஹெட் டியூபின் மேல்விளிம்பு மையம் இரண்டுக்கும் தரையிலிருந்து உயரம் எடுங்கள், வித்தியாசம்தான் ஸ்டாக். அப்புறம் சுவரிலிருந்து அதே இரண்டு புள்ளிகளுக்கும் கிடையாக அளந்தால், அந்த வித்தியாசம் ரீச். வாங்கப் போகும் மாடலின் ஜியோமெட்ரி (ஃபிரேம் அளவுகள்) அட்டவணை கம்பெனியின் தளத்திலேயே இருக்கும். இந்த இரண்டு எண்களையும் அதோடு ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.