மூடியைத் திறக்காமல் சொன்ன தீர்ப்பு

"மதர்போர்டு போய்விட்டதம்மா. மாற்ற 18,000 ரூபாய் ஆகும். இந்தப் பழைய லேப்டாப்புக்கு அவ்வளவு செலவழிப்பதைவிடப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள்."

லேப்டாப்பைக் கையில் வாங்கி, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் பழுதுபார்க்கும் கடைக்காரர் சொன்னது இது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. அந்த லேப்டாப்பில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மதுரை வெயிலில் அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும்போது மனம் ஆறவில்லை. திறந்தே பார்க்காத ஒன்றைச் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு பழையதிலேயே இருந்தால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. என்னுடையது 2019-இல் வாங்கியது, கணினியின் மூளையான ப்ராசசர் எட்டாம் தலைமுறை இன்டெல், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் உண்டு, ஆகவே விண்டோஸ் 11-க்குத் தகுதியானதுதான். அந்த வாரத்திலேயே மாற்றினேன். மறுநாள் காலையிலிருந்து ஃபேன் மிக்ஸியைப் போல இரைய ஆரம்பித்தது. கீபோர்டின் மேல்வரிசை சுட்டது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகவே பத்து விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய இயங்குதளம்தான் கெடுத்துவிட்டது என்று நானும் நம்பினேன். பழையதற்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாற்றிய பத்து நாட்களுக்குள் திரும்பிப் போக அமைப்புகளிலேயே வழி இருக்கிறது. நல்லவேளை, அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அக்கா மகன் வந்து சேர்ந்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்.

"சித்தி, கடைக்காரர் சொன்னதை விடுங்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்" என்றான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று வரிசையாகக் காட்டும் இடம் அது. நான் எதையும் திறக்காதபோதே ப்ராசசர் 80 சதவீதத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தது. பட்டியலின் உச்சியில் இருந்தது, கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணையைத் தயாரிக்கும் பணி. இயங்குதளம் மாறியதும் வட்டில் உள்ள கோப்புகளுக்கெல்லாம் புதிதாக அட்டவணை போடுகிறது. வைரஸ் சோதனையும் கூடவே ஓடுகிறது. இது பழுதே அல்ல, ஒரு முறை முடிந்தால் அடங்கிவிடும் வேலை. சார்ஜரில் செருகி இரண்டு இரவு அப்படியே விட்டோம். மூன்றாம் நாள் காலை, சும்மா இருக்கும்போது வெறும் 4 சதவீதம்.

இந்த இரண்டு நாள் பொறுமையைத்தான் முதலில் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றிய மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

ஆனால் எனக்கு அதோடு முடியவில்லை. வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தால் மறுபடியும் சூடு, 97 டிகிரி செல்சியஸ். வெப்பநிலை காட்டும் ஓர் இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம்; சூடு ஏற ஏற ப்ராசசரின் வேகம் படிப்படியாகக் குறைவது கண்ணுக்கே தெரிந்தது. பெரும்பாலான இன்டெல் ப்ராசசர்களுக்கு 100 டிகிரியை ஒட்டி எல்லை வைத்திருக்கிறார்கள். அதை நெருங்கினால், தான் எரிந்துபோகாமல் இருக்க ப்ராசசரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைக்காரர் எதைச் சாவாக எடுத்துக்கொண்டாரோ அந்த மந்தம், உண்மையில் உயிரைக் காத்துக்கொள்ளும் வேலை. இது தெரிந்தபோது எனக்குக் கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியின் பத்துத் திருகாணிகளையும் எடுத்தோம். முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தான். ஃபேனைப் பார்த்தால் பெரிதாக அழுக்கில்லை. அதைக் கழற்றி எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஃபேனுக்கும், காற்று வெளியேறும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். கம்பளித் துணியைப் போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஆறு வருடமாக மெத்தையில் வைத்து வேலை பார்த்ததன் பஞ்சும் தூசியும். ஃபேன் எவ்வளவுதான் சுழன்றாலும் வெப்பக் காற்று வெளியே போக வழியே இல்லை.

அடுத்தது தெர்மல் பேஸ்ட். ப்ராசசருக்கும் அதன் மேல் அமரும் செம்புத் தகட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளிகள் இருக்கும். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் இந்தப் பசை. எங்களுடையது காய்ந்து, பழைய சுவர்ச் சுண்ணாம்பு போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, புதிய பசையைப் பட்டாணி அளவில் வைத்து மூடினோம். பசைக்கு ஆன செலவு 350 ரூபாய்.

அப்படியானால் பழைய இயங்குதளத்தில் ஏன் சுடவில்லை? கால்வாய் தூர்ந்து கிடப்பது கோடையில் தெரியாது; ஐப்பசி மழை கொட்டும்போதுதான் தெருவில் தண்ணீர் ஏறுகிறது. அதேபோல் என் லேப்டாப்பின் பாதை பல வருடமாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. புதிய இயங்குதளம் கூடுதல் வேலை கொடுத்த நாளில் அது வெளியே தெரிந்தது. நாம் மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பவர் அமைப்பில் ப்ராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் சூடு குறையும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், தேவைப்படும்போது ப்ராசசர் எடுக்கும் கூடுதல் வேகமான டர்போ நின்றுவிடும், அதனால் குறையும். மே மாத வெயிலில் அவசரத்துக்கு உதவும். ஆனால் தூசியை உள்ளேயே வைத்துக்கொண்டு இதைச் செய்வது நோயை மூடி மறைப்பதுதான். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்காட்சியைக் கையாளும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் துணிச்சல் வேண்டாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாகப் பொருந்தாமல் உப்பியிருந்தால், பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் செய்யாதீர்கள், நீங்களாக அதைக் குத்திக் கிளறாதீர்கள். அப்போது கடைக்குத்தான் போக வேண்டும்.

கடைக்காரர்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மணிக்கணக்கில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு சிறு பாகத்தை மாற்றி உயிர் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இயங்குதளம் மாற்றியவர்கள் கூட்டமாக வரும் இந்தச் சமயத்தில், திறந்து பார்க்காமல் "போய்விட்டது" என்பது பெரிய அநியாயம். கல்லூரிப் பிள்ளையின் அப்பா கடன் வாங்கிப் புதியது வாங்குவார். நன்றாக உழைக்கும் பழையது பழைய இரும்புக் கடைக்குப் போகும். "என் கண்முன்னால் மூடியைத் திறந்து காட்டுங்கள், எந்தப் பாகம் போயிற்று என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இப்போது மேசையில் வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். நேற்று 412 பக்கப் புத்தகம் ஒன்றை முடித்து அச்சுக்கு அனுப்பினேன். வெப்பநிலை 76-ஐத் தாண்டவில்லை.