'இட்' நடுவில்தான் உட்காரும்

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது கையில் இருந்த சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. டப்பாவும் காலி. சும்மா இருக்காமல், "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சாக்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பந்தை யாரு சார் எறிஞ்சது?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அவன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பிள்ளை. ரன் அவுட் என்றால் அவனுக்கு ஸ்டம்ப் பறக்க வேண்டும். 'ஓடு', 'வெளியே' என்ற இரண்டையும் கூட்டினால் 'தீர்ந்துபோச்சு' எப்படி வரும் என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கிறோமா? இல்லை. நாம் கொடுத்தது பட்டியல்தான். இந்தப் பக்கம் ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு 'அவுட்', 'ஆஃப்' மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவது; அந்தப் பக்கம் அர்த்தம், மனப்பாடம் பண்ணு. பத்தாம் வகுப்புத் தாளில் அதற்கு ஒரு மதிப்பெண். அந்த ஒன்றை வாங்கிவிட்டு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே போகாத பிள்ளைகளை வரிசையாகப் பார்த்துவிட்டேன்.

அதனால் விளையாட்டு வைத்து நடத்துகிறேன். ஆனால் விளையாட்டு என்று பெயர் வைத்தாலே பாடம் ஏறிவிடும் என்று நினைத்து ஏமாந்தவனும் நான்தான். முதலில் செய்தது ஜோடி சேர்க்கும் அட்டை. வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் எழுதி, கவிழ்த்து வைத்து, சொல்லையும் அர்த்தத்தையும் ஜோடி சேர்க்கச் சொன்னேன். பிள்ளைகள் பிரமாதமாக ஆடினார்கள். எனக்கோ ஒரே பெருமை. மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. "பாதி முருகன் இருக்கிற அட்டை 'புட் ஆஃப்', மூலையில மஞ்சள் தடவுனது 'தள்ளிப்போடு', அவ்வளவுதான் சார்" என்றாள் ஒருத்தி, பெரிய மனசோடு. ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவே இல்லை. என் கருத்து இதுதான்: ஜெயிப்பதற்கு அந்த மொழி தேவைப்படாத விளையாட்டு, வேஷம் போட்ட மனப்பாடம். பிங்கோவும் செல்போன் வினாடி வினாவும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். மணி அடிக்கும்வரை வகுப்பு கலகலவென்று இருக்கும், அது மட்டும் உண்மை.

பிடித்துக்கொண்டது வேறொன்று. நான்கு பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு ஆளுக்கொரு அட்டை மாட்டிவிட்டேன்: 'டர்ன்', 'ஆஃப்', 'தி ஃபேன்', 'இட்'. 'இட்' கிடைத்தது வகுப்பிலேயே குட்டையான பெண்ணுக்கு. முதலில் 'இட்' ஓரமாக நிற்கட்டும், மற்ற மூவரும் வரிசையாக நில்லுங்கள் என்றேன். 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' என்று நின்றார்கள். சரி. 'ஆஃப்' பையனைக் கடைசிக்குப் போகச் சொன்னேன். 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' ஆனது. அதுவும் சரி. இப்போது 'தி ஃபேன்' உட்காரட்டும், 'இட்' வரட்டும். அவள் நேராகக் கடைசியில் போய் நின்றாள். 'டர்ன் ஆஃப் இட்'. இல்லை, அங்கே உனக்கு இடம் கிடையாது என்றேன். சுற்றிப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றுகொண்டாள். 'டர்ன் இட் ஆஃப்'.

"ஷேர் ஆட்டோல சின்னப் பிள்ளைய நடுவுல ஒக்கார வைக்கிற மாதிரி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இதைவிட நன்றாக எந்த இலக்கணப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இட், தெம், ஹிம், ஹெர் எல்லாம் சின்னப் பிள்ளைகள். நடுவில்தான் உட்காரும்.

அடுத்து 'லுக்', 'ஆஃப்டர்' அட்டைகள். அந்த இருவரையும் கை கோத்துக்கொள்ளச் சொன்னேன். 'ஹெர்' எவ்வளவு முட்டினாலும் உள்ளே விடக்கூடாது. முட்டிப் பார்த்தாள், நடக்கவில்லை, கடைசியில் போய் நின்றாள். 'லுக் ஆஃப்டர் ஹெர்'. எந்த ஜோடி கை கோக்கும், எது இடம் விடும் என்பதை அன்றிலிருந்து அவர்களே கேட்கிறார்கள். "சார், 'கிவ் அப்' கை கோக்குமா?" கோக்காது, 'கிவ் இட் அப்' என்று வழி விடும்.

உடம்பு அசைந்தால் மொழி நிற்கும் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஆசிரியர் கட்டளை சொல்ல வேண்டும், மாணவர் செய்து காட்ட வேண்டும். நம் ஊரில் 2022-இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது சின்ன வகுப்புகளுக்கு ஆட்டமும் பாட்டும் வந்தன. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் மட்டும் ஆட்டம் நேரவிரயம் ஆகிவிடுமா? பார்வையிட வந்த ஒருவர் என்னிடம் கேட்டது "ஏன் சார் கிளாஸ்ல இவ்வளவு சத்தம்?" என்பதை மட்டும்தான். என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்பவர்கள் இந்த இடத்தில் நஷ்டப்படுகிறார்கள். 'கண்டுபிடி' என்கிறோமே, எதைக் கண்டோம், எதைப் பிடித்தோம்? 'கைவிடு' என்றால் கையை எங்கே விட்டோம்? நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து இந்த மாதிரிச் சொற்களில்தான் பேசுகிறார்கள். சிலவற்றில் பாதிச் சொல் அப்படியே பொருந்துகிறது. 'பார்த்துக்கொள்' என்பதில் 'பார்' இருக்கிறது, 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'லுக்' இருக்கிறது. 'தள்ளிப்போடு' என்றால் 'புட் ஆஃப்', போடுதான் புட். 'விட்டுக்கொடு' என்றால் 'கிவ் இன்', கொடுதான் கிவ். இதைக் கரும்பலகையில் எழுதிய அன்று, அந்த ரன் அவுட் பையன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். எல்லாம் இப்படிப் பொருந்தாது. 'புட் அப் வித்' என்பது 'பொறுத்துக்கொள்', அதில் போடவும் இல்லை, வைக்கவும் இல்லை. பரவாயில்லை, நாலு பொருந்தினால் ஐந்தாவதின் மேல் பயம் போய்விடுகிறது.

இப்போது 'கெட்' நடந்துகொண்டிருக்கிறது. நான்கு பெஞ்சை இரண்டு வரிசையாகப் போட்டால் மாட்டுத்தாவணி போகும் டவுன் பஸ், பக்கத்தில் ஒற்றை பெஞ்ச் ஒரு ஆட்டோ. பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்'. ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. கண்டக்டர் கத்துவார், தப்பான இடத்தில் ஏறினால் ஆட்டம் அவுட். ஏன் இரண்டுக்கும் வேறு வேறு என்றதற்கு, உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று பொதுவாகச் சொல்வார்கள் என்றேன். "படியில தொங்கிட்டுப் போனா சார்?" அதற்கு 'ஹேங் ஆன்' என்று சொல்லித் தப்பித்தேன்.

'கெட் அப்' காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே முடிந்துவிடுகிறது. 'கெட் அவே' டிக்கெட் எடுக்காமல் தப்பிப்பவனுக்கு. 'கெட் ஓவர்', அதாவது ஒரு வருத்தத்திலிருந்து மீள்வது, அதைத்தான் இந்த பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார வைப்பது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மூன்றாவது பீரியட், அதற்குள் யாருக்காவது யோசனை வந்தால் சொல்லுங்கள்.