பனியில் பின்னால் வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

அந்த மீமை நேற்று ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். நம்ம பாளையங்கோட்டைக் குரூப்பில் அதற்குக் கீழே விழுந்த சிரிப்பையும் பார்த்துவிட்டேன். இத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டிலிருந்து 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்கு இரண்டே பேர், அதுவும் ஓசியில் டூர் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

டூர் போக டிக்கெட் இருந்தால் போதும். இங்கே அப்படி யாரும் போய் இறங்கிவிட முடியாது. சர்வதேச அளவில் அங்கீகரித்த பந்தயங்களில் தொடர்ந்து கலந்துகொண்டு, புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பனிச்சறுக்கில் புள்ளி குறையக் குறையத்தான் தரம் கூடும். அந்தக் கணக்கில் தேறியவருக்குத்தான் இடம். அந்த இரண்டு பேரில் ஒருவரான பனிச்சறுக்கு வீரர் ஆரிப் கான் அப்படித் தேறித்தான் போனார், இரண்டாவது தடவையாக. காஷ்மீரில் குல்மார்க் பக்கத்து ஆள். அப்பா பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். 2018-இல் போக வேண்டியது, கையில் காசில்லாமல் நின்றுபோனது. 2022-இல் பெய்ஜிங்குக்கு நம் நாட்டிலிருந்து போன ஒரே ஆள் அவர்தான். அன்றைக்குக் கொட்டிய பனியில் எத்தனையோ பேர் பந்தயத்தை முடிக்கவே இல்லை. இவர் முடித்தார். 45-ஆவது இடம். அந்த 45-ஐப் பெரிய எழுத்தில் போட்டுத்தான் இப்போது சிரிக்கிறீர்கள். இந்த முறை அவரோடு போன இன்னொரு பனிச்சறுக்கு வீரர் ஸ்டான்சின் லுண்டுப்பையும் அந்தப் படத்தில் இழுத்து வைத்திருக்கிறீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன், அங்கே போய் நிற்பதே சம்பாதித்துப் பெற்ற இடம்.

“பனியே பாக்காத நாட்டுக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?” என்று ஒருவர். நமக்கு மாஞ்சோலைக் குளிரே பெரிய குளிர், அது சரி. அதற்காக இமயமலை நம் நாட்டில் இல்லை என்று ஆகிவிடுமா? மணாலியில் பிறந்த சிவ கேசவன், அப்பா கேரளத்துக்காரர், 16 வயதில் 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் வண்டியில், அதாவது பனித்தடத்தில் மல்லாக்கப் படுத்துச் சறுக்குகிற வண்டியில், இறங்கினார். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். பழகுவதற்கு இங்கே பனித்தடம் கிடையாது. வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரியும் ஆட்டுமந்தையும் போகிற மலை ரோட்டில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பாய்ந்தவர் அவர். 2014-இல் சோச்சியில் தொடக்க விழாவில் அவரும் இன்னும் இரண்டு பேரும் நம் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் குளறுபடியால் வந்த தடை அது. அப்போது ஒரு மீமும் என் கண்ணில் படவில்லை.

வரிப்பணம் என்கிறீர்கள். சரி, கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. ஆனால் நம்ம ஊர் மைதானத்துக்கு என்று வருகிற பணம் எங்கே போகிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? பனியில் விழுந்து எழுந்து வருகிறவனிடம்தான் கணக்குக் கேட்பீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஓடுவாள். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவள். அந்தச் செம்மணலில் நடக்கவே மூச்சு வாங்கும், இவள் ஓடுவாள். பாளையங்கோட்டையில் போட்டி என்றதும் அம்மா பீடி சுற்றிய காசில் ஷூ வாங்கிக் கொடுத்தாள். ஷூவோடு ஓடிப் பழக நாளில்லை. கடைசியாக வந்தாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்த ஆள், “இந்தப் பிள்ளை வந்து சேரட்டும், அப்புறம் சாப்பிடப் போவோம்” என்றார். மைதானமே சிரித்தது. அவள் எல்லைக்கோடு வரை ஓடித்தான் வந்தாள். அதற்குப் பிறகு ஓடவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அம்மாவும் சொன்னாள். அந்த ஷூ அவளுக்குச் சின்னதாகும் வரை பரணில்தான் கிடந்தது.

“சும்மா ஜாலிக்குப் போட்டதை இப்படி எடுத்துக்கலாமா?” என்று கேட்கப்போகிறீர்கள், தெரியும். அந்த மைக்கில் பேசியவரும் ஜாலிக்குத்தான் சொன்னார்.

அதே 1998 நகானோவில் கென்யாவின் பிலிப் போய்ட் 10 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் கடைசியாக வந்தார். தங்கம் வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி, இருபது நிமிடம் போல எல்லையில் காத்து நின்று அவரைக் கட்டிப்பிடித்தார். ஜெயித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம பவானி தேவி வாள்வீச்சில் ஒரு ஆட்டம் ஜெயித்து அடுத்ததில் தோற்றதும் நாட்டிடம் மன்னிப்பு கேட்டு எழுதினார். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாள்வீச்சுக்குப் போன முதல் ஆள். அவர் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும்? நாம் இப்படிச் சிரிப்போம் என்று தெரிந்துதானே கேட்டார்?

பதக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் நானும்தான் வெடி போடுவேன். ஆனால் கபடியில் மணத்தி கணேசன் தங்கம் கொண்டுவந்த பிறகு “நம்ம மண்ணு” என்று மார்தட்டுகிற உரிமை, அதற்கு முன்னால் தோற்றுத் திரும்பிய பையன்களைத் தட்டிக்கொடுத்தவர்களுக்குத்தான் உண்டு.

கீழே வந்து என்னைத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். ஒரு மெடலாவது உண்டா என்று கேளுங்கள், அதற்கும் சொல்கிறேன். என் தங்கையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை எழுத வேண்டாம். எழுதினால் அந்த நிமிடமே நட்பிலிருந்து நீக்கிவிடுவேன், சொந்தக்காரர் ஆனாலும் சரி.