சோனார் திரை காட்டுவது எதை?

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் நின்றபடியே பல கிலோமீட்டர் தள்ளியுள்ள மீன் கூட்டத்தைப் படகில் பூட்டும் மீன் தேடும் கருவி (ஒலியால் தேடும் சோனார்) காட்டிவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், சாதாரணக் கருவி படகுக்கு நேர் கீழேதான் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் வரைகிறது. ஒலிக்கற்றை 20 பாகை அகலம் என்றால், 30 மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது சுமார் 10 மீட்டர் விட்டமுள்ள வட்டம். திரையின் குறுக்கே ஓடுவது நேரம்; அதைத் தூரமென்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். வலது ஓரம் இந்த நொடி, இடப்பக்கம் கடந்துபோனது. (சுற்றிலும் தேடும் சோனார்களும் உண்டு, அவற்றின் விலை வேறு கதை.) சந்தேகமிருந்தால் நங்கூரமிட்டு, ஒலியை அனுப்பி வாங்கும் உணரிக்கு நேர் கீழே ஈயக்குண்டொன்றை இறக்கிப் பாருங்கள். அது அசையாமல் தொங்கினாலும் திரையில் நீண்ட கோடாக விழும். மேலே இழுத்தால் கோடும் ஏறும்.