ஒத்துழைப்பு வேறு, சம்மதம் வேறு
"பக்கத்து கவுன்சில் சம்மதிக்காவிட்டால் இங்கிலாந்தில் எந்த உள்ளாட்சியும் நிலப்பயன்பாட்டுத் திட்டம் போட முடியாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. உள்ளாட்சிகளுக்கான 2011 லோக்கலிசம் சட்டம் கொண்டுவந்தது ஒத்துழைக்கும் கடமையைத்தான். உடன்பட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கவில்லை. எல்லை தாண்டிப் பாதிக்கும் பெரிய விஷயங்களில் அண்டை உள்ளாட்சிகளோடு ஆக்கபூர்வமாக, தொடர்ந்து பேசியிருக்க வேண்டும் என்பதே அந்தக் கடமை. அப்படிப் பேசியும் ஒத்துவரவில்லை என்றால், அதனால் மட்டுமே திட்டம் விழுந்துவிடாது என்றுதான் இருந்தது.

பேசாமல் விட்டால்தான் ஆபத்தாக இருந்தது. கென்ட் பகுதியின் செவன்ஓக்ஸ் கவுன்சிலையே பாருங்கள். தன் எல்லைக்குள் கட்ட முடியாத வீடுகளை ஏற்க முடியுமா என்று அண்டைக் கவுன்சில்களை அது முறைப்படி கேட்டதே, 2019இல் திட்டத்தைச் சமர்ப்பிப்பதற்குச் சற்று முன்புதான். கடமை தவறியதாக, திட்டத்தைப் பரிசீலித்த ஆய்வாளர் முடிவு செய்தார். அதை எதிர்த்துக் கவுன்சில் போட்ட வழக்கை 2020இல் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. இதில் கொடுமை என்னவென்றால், மற்ற குறைகளைப் பரிசீலனையின்போது திருத்திக்கொள்ள முடிந்தது, ஆனால் இந்தக் கடமை சமர்ப்பிக்கும் நாளோடு முடிந்துவிட்டது. அப்புறம் ஓடிப்போய்ப் பேசினாலும் கணக்கில் வரவில்லை.