நாலு கிளிப்பைக் கழட்ட இந்த சர்வீஸ்காரங்களுக்கு என்ன கேடு?

சர்வீஸ் பில்லுல "ஏர் பில்டர் கிளீனிங்"னு ஒரு வரி. அதுக்கொரு தொகை, அதுக்கு மேல ஜிஎஸ்டி. இன்ஜினுக்குப் போற காத்தைச் சலிக்கிற தாள்தான் ஏர் பில்டர். அது இருக்க டப்பாவைத் தொறந்தா உள்ள எலிக்கூடு! தேங்காத் தும்பு, கிழிஞ்ச துணி, ரப்பர் சருகு எல்லாம் கொண்டு அடைச்சு, பில்டரோட ஓரத்தையும் கடிச்சு ஓட்டை போட்டு வச்சிருக்கு. மச்சானோட கார். சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் சந்தேகப்பட்டுத் தொறந்து பாத்தோம். போன் போட்டுக் கேட்டா, "எலி நேத்து வந்திருக்கும் சார்"ங்கான். கூட்டுக்கு மேல படிஞ்சு கெடந்த செம்மண்ணும் நேத்துதான் வந்துச்சோ?

நாலு கிளிப். கார்ல பெரும்பாலும் அவ்வளவுதான். கையாலயே தட்டித் தொறக்கலாம், ஸ்பானர் கூட வேண்டாம். அதைக்கூடச் செய்யாம எழுதி வச்சுக் காசு வாங்குகாங்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்கு.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தூசிக்கா பஞ்சம்? நாலுவழிச்சாலைன்னு வருஷக்கணக்கா கொத்திப் போட்ட மண்ணு. களியக்காவிளை வழியா கேரளத்துக்குப் பாறைப்பொடியும் எம்-சாண்டும் ஏத்திட்டுப் போற டாரஸ் லாரிங்க. ஒழுங்கா தார்ப்பாய் மூடாத ஒண்ணுக்குப் பின்னால தக்கலையில மாட்டினா மார்த்தாண்டம் வர கண்ணைத் தொறக்க முடியாது. அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து. கரண்டு எடுக்குற காத்தாடிக்கு நல்லதுதான், ஆனா ரோட்டோர மண்ணையும் சேத்துல்லா அள்ளிட்டு வருகு. போதாக்குறைக்கு ரெண்டு பருவமழையும் நமக்குத்தான். ஈரம் பட்ட தூசி தாள் மடிப்புக்குள்ள போய் அப்பிக்கிட்டா அப்புறம் எந்த ஊதலுக்கும் வராது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியணும்னா 9,000 லிட்டருக்கு மேல காத்து வேணும். அவ்வளவு காத்தையும் இந்த ஒத்தைத் தாள்தான் சலிச்சு விடுகு. மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுல கார்னெட்ங்கிற கடினமான கல்லுத்துகள் இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். உப்புத்தாள்ல ஒரு வகை செய்யுகதும் அந்தக் கார்னெட்டை வச்சுத்தான். பாறைப்பொடியில இருக்க குவார்ட்ஸும் லேசுப்பட்டது இல்ல, வார்ப்பிரும்பை விடக் கடினம். ஓட்டை பில்டர் வழியா இதெல்லாம் உள்ள போனா பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல நின்னு ஒவ்வொரு சுத்துக்கும் தேய்க்கும். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள இறுகுற அழுத்தம், குறையும், ஆயில் குடிக்கும், நீலப் புகை தள்ளும். அன்னைக்கு வந்து "இன்ஜின் இறக்கணும் சார்"னு அதே ஆளு சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். பைக் பில்டர் எரநூறு முந்நூறு ரூவா, இன்ஜின் வேலை எவ்வளவு ஆகும்னு செஞ்சவங்களைக் கேளுங்க.

தொறந்து பாக்குறவன் மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்ல. "ஏர் அடிச்சு விட்டாச்சு"ம்பான். எப்படி அடிச்சான்? டயருக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸரை முழு வேகத்துல வச்சு, அழுக்குப் பக்கத்துல இருந்தே. தூசி வெளிய வருமா, இன்னும் ஆழமா போகுமா? சாதாத் தாள் பில்டர்னா சுத்தமான பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, மெதுவா ஊதணும். வேகமா அடிச்சா மடிப்பு கிழியும், கண்ணுக்கும் தெரியாது. பல ஸ்கூட்டர்ல இப்ப எண்ணெய் பூசின தாள் வருகு. அதை ஊதவே கூடாது, கழுவவும் கூடாது, மாத்த மட்டும்தான் செய்யணும். ஸ்பாஞ்ச் பில்டர்தான் கழுவிக் காயவச்சு எண்ணெய் தடவிப் போடுகது. இந்த வித்தியாசம் தெரியாம சோப்புத் தண்ணியில தாளை முக்கி எடுத்து வெயில்ல காயப்போட்ட மகானுபாவன்களும் இங்க உண்டு.

வண்டிக்காரங்க மட்டும் என்ன வாழுது? சீட் கவருக்கு ஆயிரக்கணக்குல குடுப்பான், பின் கண்ணாடி முழுக்க குலதெய்வம் பேரு எழுதுவான். பில்டர் மாத்தச் சொன்னா "ஓடிட்டுத்தானே இருக்கு மக்கா"ன்னு கேப்பான். ஓடும். புது பெட்ரோல் கார்ல காத்து குறைஞ்சா இன்ஜினைப் பாத்துக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைச்சுக்கிடும். அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல 2009-ல சோதிச்சப்பவும் இதைத்தான் பாத்தாங்க: மைலேஜ் பெருசா மாறல, இழுவைதான் குறைஞ்சுது. அதனாலதான் நம்ம ஆளுக்கு உறைக்கவே மாட்டேங்கு. பேச்சிப்பாறை ஏத்தத்துல குடும்பத்தோட போகும்போது வண்டி திணறினா பெட்ரோல் பங்கைத் திட்டுவான், கலப்படம்பான். கார்புரேட்டர் வச்ச பழைய பைக்ல அப்படி இல்ல, மைலேஜும் சேந்து அடிவாங்கும், கரும்புகையும் தள்ளும்.

"இத்தனை கிலோமீட்டர் ஆனா மாத்துங்க"ன்னு வண்டியோட தந்த புத்தகத்துலயே இருக்கு. தூசி ரோடுன்னா இன்னும் சீக்கிரம் மாத்தணும்னும் அதுலயே போட்டிருக்கான். புத்தகம் எங்கன்னு கேட்டா, கவர் பிரிக்காம டேஷ்போர்டுக்குள்ள கெடக்கு.

இப்ப நான் எங்க சர்வீஸுக்கு விட்டாலும் ஒரே கண்டிஷன்தான்: புதுசு போட்டேன்னு பில்லு தந்தா பழைய பில்டர் என் கைக்கு வரணும். போன தடவை கேட்டதுக்கு ஒருத்தன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அதெல்லாம் ஆக்கர் கடைக்குப் போட்டாச்சுண்ணே"ன்னான். பழைய சாமான் வாங்குற எந்த ஆக்கர் கடையில ஓய் அழுக்குத் தாளை எடுக்கான்? போய் டப்பாவைத் தொறன்னேன். பழசுதான் கம்பீரமா உக்காந்திருந்துச்சு.